ஈசானிய மூலைக்கு இரண்டு விரற்கடை

எங்கள் கூடத்தில் தண்ணீரைக் கொட்டினால் அது எந்தப் பக்கம் போகும் என்பது எனக்கு ஆறு வயதிலேயே தெரியும். வியாழக்கிழமை சாயங்காலம் அம்மா கூடத்தைக் கழுவிவிடுவாள். தென்மேற்கு மூலையில் ஒரு குடம் தண்ணீரை விட்டு, தென்னந்துடைப்பத்தால் ஒரு தள்ளு தள்ளினால் போதும், மீதியைத் தரை பார்த்துக்கொள்ளும். ரெட் ஆக்ஸைடு தரையில் தண்ணீர் பாய் விரித்த மாதிரி விரிந்து, வாசல் பக்கமாக நகர்ந்து, வடகிழக்கு மூலையில் சுவரடியில் விட்டிருந்த ஓட்டை வழியாக வெளியே செம்பருத்திச் செடிக்குப் போய்ச் சேரும்.

அந்தத் தரையைப் போட்டவர் என் தாய்மாமா. கொத்தனார். 1996-ல் மாடம்பாக்கத்தில் அரை கிரவுண்டு மனையில் இந்த வீடு எழும்பியபோது எங்கள் தெருவுக்கு அப்பால் வயலும் வேலிக்காத்தானும்தான் இருந்தன. மாமா ரசமட்டத்தையும் நூலையும் வைத்துக்கொண்டு இரண்டு நாள் கூடத்திலேயே முட்டிபோட்டுக் கிடந்தார். மூன்றாம் நாள் கரணையைக் கழுவிக்கொண்டே அம்மாவிடம் சொன்னார்: “ஈசானியத்துக்கு வாட்டம் விட்டிருக்கேன்க்கா. பத்தடிக்கு அரை இஞ்ச். கண்ணுக்குத் தெரியாது, தண்ணிக்குத் தெரியும்.”

இருபத்துநான்கு வருஷம் கழித்து ஒரு கோல்ஃப் பந்துக்கும் அது தெரிந்தது.

என் அப்பா கோல்ஃப் மைதானத்தில் பை தூக்கியவர். கிண்டி ரேஸ்கோர்ஸின் நடுவில், குதிரை ஓடும் பாதைக்கு உள்பக்கமாக, மெட்ராஸ் ஜிம்கானா கிளப்பின் பதினெட்டுக் குழி மைதானம் இருந்தது. 1978-ல், பதினெட்டு வயதில் அங்கே வேலைக்குப் போனவர், முழங்கால் ஒத்துழைக்காமல் 2016-ல் நின்றார். விடிவதற்கு முன்னால் சைக்கிளில் தாம்பரம் போய், ஸ்டாண்டில் அதைப் போட்டுவிட்டு, பீச் போகும் மின்சார ரயிலைப் பிடிப்பார். சானடோரியத்திலிருந்து எண்ணினால் எட்டாவது ஸ்டேஷன் கிண்டி. மத்தியானம் திரும்பி வரும்போது அவருடைய கான்வாஸ் ஷூவில் அறுகம்புல் ஒட்டியிருக்கும். நான் அதைப் பிய்த்துப் பிள்ளையாருக்கு வைப்பேன்.

இந்த வேலைக்கு ஆங்கிலத்தில் இருக்கும் பேரைத் தமிழில் எழுதினால் ‘கேடி’ என்றுதான் வரும். நான் ஐந்தாவது படிக்கும்போது ஒரு படிவத்தில் தந்தையின் தொழில் என்ற இடத்தில் அதை எழுதிக்கொண்டு போனேன். வகுப்பில் வாசித்துக் காட்டினார்கள். போலீஸ் பட்டியலில் பேர் இருக்கும் ஆளைத்தான் நம் ஊரில் கேடி என்பார்கள். எல்லோரும் சிரித்தார்கள். அதன்பின் பத்தாவது முடியும்வரை ‘தோட்ட வேலை’ என்றே எழுதினேன். அப்பா அந்தப் படிவங்களில் எல்லாம் கையெழுத்துப் போட்டிருக்கிறார். ஒருநாளும் ஏன் என்று கேட்டதில்லை. இன்றைக்கும் அந்தக் கையெழுத்துகளை நினைத்தால் எனக்குத் தொண்டை அடைக்கும்.

பை தூக்குவது அந்த வேலையில் பாதிகூட இல்லை. மீதி முழுவதும் பார்வை. குழி இருக்கும் குட்டைப் புல் திடலை ‘கிரீன்’ என்பார்கள். பந்து கிரீனுக்கு வந்துவிட்டால் ஆடுகிறவர் ‘பட்டர்’ என்ற தட்டை முகக் குச்சியை வாங்கிக்கொண்டு கேடியைத்தான் திரும்பிப் பார்ப்பார். நேராக அடிக்கலாமா, எந்தப் பக்கம் சாயும், எவ்வளவு சாயும்? 72 அடிகளில் முடிக்க வேண்டிய ஆட்டத்தில் குழிக்கு இரண்டு வீதம் 36 அடிகள் கிரீனில் உருட்டுவதற்கென்றே கணக்கு. அதாவது சரிபாதி ஆட்டம். அந்தப் பாதியில் அப்பாவின் வாய்ச்சொல்லுக்கு மதிப்பு இருந்தது. கால் வைத்தாலே சரிவு தெரியும் என்பார். புல் பளபளவென்று வெளுத்துத் தெரிந்தால் அது நமக்கு எதிர்ப்பக்கம் படுத்திருக்கிறது, பந்து ஓடும்; கருத்துத் தெரிந்தால் நம்மைப் பார்த்துப் படுத்திருக்கிறது, பந்து திணறும். நம் வெயிலுக்குப் போடும் பெர்முடா புல்லுக்கு இந்தக் குணம் அதிகம்.

சரிவைப் படிக்க அவர் எனக்குக் கற்றுக்கொடுத்த இடம் கிண்டி இல்லை. எங்கள் ஊர் தேனுபுரீஸ்வரர் கோயில். சோழர் காலத்துக் கல் கோயில், யானை படுத்த மாதிரி முதுகு வளைந்த தூங்கானை மாட விமானம். மழை விட்ட ஒரு பிரதோஷ மாலையில் என்னைக் கருவறைக்கு வடபுறம் அழைத்துப்போய்க் கோமுகியைக் காட்டினார். உள்ளே சாமிக்கு ஊற்றிய பாலும் தண்ணீரும் அந்தக் கல் மூக்கு வழியாக வடிந்துகொண்டிருந்தன. “உள்ள இருக்கிற தரையை நாம பாக்க முடியாது. ஆனா எந்தப் பக்கம் வாட்டம்னு இங்கேருந்தே சொல்லிடலாம் பாத்தியா? கிரீனும் இப்படித்தான் கண்ணு. பந்தைப் பாக்காத. இங்க ஒரு குடம் தண்ணிய கவுத்தா எங்க போவும்னு பாரு.”

கொத்தனார் சொல்லும் வாட்டத்தைத்தான் அப்பாவும் சொன்னார். கிளப்பில் அதற்கு வேறு ஆங்கிலச் சொல் புழங்கியது. அப்பா வீட்டில் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. அவருக்கு எல்லாம் வாட்டம்தான்.

அவரும் ஆடியிருக்கிறார். இந்தியாவின் பல மைதானங்களில் திங்கட்கிழமைதான் கேடிகளுக்கு ஆட வாய்ப்புள்ள நாள். அப்படிப் பழகியவர்கள் பெரிய இடத்துக்கும் போயிருக்கிறார்கள். டெல்லியில் பை தூக்கிய அலி ஷேர் 1991-ல் இந்தியன் ஓப்பனை வென்றார். பெங்களூரில் கேடியாக இருந்த சி. முனியப்பா 2009-ல் அதே பட்டத்தை எடுத்தார். அந்த இரண்டு பேரைப் பற்றியும் அப்பா சொந்தக்காரர்களைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசுவார். ஆனால் அவர் கையில் இருந்ததெல்லாம் இரவல் குச்சி. வேலையை விட்டு நின்ற நாளில், வருஷக்கணக்காக அவரையே கூட்டிப்போன ஒரு டாக்டர் தன் பழைய பட்டரை அவரிடம் கொடுத்திருக்கிறார். அப்பா அதைப் பழைய வேட்டியில் சுற்றிப் பரணில் வைத்துவிட்டார். நான்கு வருஷம் அது கீழே இறங்கவே இல்லை.

2020 மார்ச் 25 முதல் கொரோனா ஊரடங்கில் நாடே அடங்கியது. தாம்பரத்தில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்குப் பார்க்கும் நான் கூடத்து மூலையில் மடிக்கணினியோடு உட்கார்ந்தேன். அப்பாவுக்குக் காலை நடை போயிற்று, டீக்கடை போயிற்று, ஏரிக்கரைப் பேச்சு போயிற்று. இன்னும் பை தூக்கிக்கொண்டிருந்த பழைய கூட்டாளிகள் போனில் கூப்பிடுவார்கள். ஆட்டம் இல்லை என்றால் அன்றன்றைய கூலியும் இல்லை. பேசி முடித்தபின் அப்பா சுவரைப் பார்த்தபடி வெகுநேரம் இருப்பார். பத்து நாள் பார்த்தேன். பதினோராம் நாள் ஸ்டூலைப் போட்டுப் பரணில் ஏறினேன்.

வேட்டியைப் பிரித்ததும் பிடியின் ரப்பர் விரலில் ஒட்டியது. அப்பா தேங்காய் எண்ணெய்த் துணியால் தண்டைத் துடைத்தார். பிஸ்கட் டப்பாவில் பழைய பந்துகள் முப்பதுக்கு மேல் இருந்தன. கூடத்தின் தென்கோடியில், சமையலறை நிலைப்படிக்கு முன்னால் பந்தை வைத்து, வாசலைப் பார்த்து மெல்லத் தொட்டார். சிமெண்டுத் தரையில் அது நிற்கவே இல்லை. வாசற்படியில் மோதி, திரும்பி, கட்டிலுக்கு அடியில் போனது. “இது ஓடுகாலித் தரை. துணி வேணும்” என்றார்.

முதலில் விரித்தது பவானி ஜமக்காளம். அதில் பந்து சோம்பேறியாக உருண்டது. ஆனால் பட்டை பட்டையாக நிறம் மாறும் அந்த ஜமக்காளம்தான் எனக்கு முதல் பாடப் புத்தகம். அப்பா குழி என்று எதையும் வைக்கவில்லை. “மூணாவது பட்டையில நிறுத்து.” நிறுத்தினேன். “நாலாவது.” தாண்டியது. “மறுபடி மூணு.” இப்படியே ஒரு மாதம். கையை இறுக்காமல், மணிக்கட்டை மடக்காமல், தோள் இரண்டும் ஊஞ்சல்போல ஆட வேண்டும். எவ்வளவு தூரம் போக வேண்டுமோ அவ்வளவு பின்னால் இழு, எப்போதும் ஒரே தாளத்தில் விடு. திசையைப் பற்றி அந்த ஒரு மாதமும் அவர் பேசவே இல்லை. வேகம் கைக்கு வந்தபின்தான் திசை என்பது அவர் கொள்கை. இப்போது யோசித்தால் அதுதான் சரி. வேகம் தெரியாதவனுக்கு எந்தத் திசையும் உதவாது. மெதுவாகப் போகும் பந்து அதிகம் சாயும், வேகமாகப் போகும் பந்து குறைவாகச் சாயும். சரிவு ஒன்றே என்றாலும் வழி வேறு.

மே மாதம் கூரியர்கள் மறுபடி ஓட ஆரம்பித்ததும் பத்தடி நீள பட்டிங் மேட் ஒன்று வாங்கினேன். சென்னையைச் சுற்றி ஜூன் 19-லிருந்து மறுபடியும் முழு அடைப்பு வந்தது, அதற்குச் சில நாள் முன்னால் வந்து சேர்ந்தது. பச்சை நிறம், அடியில் ரப்பர், பிரித்தபோது புது செருப்புக் கடை வாசனை. சுருட்டி வந்ததால் அலை அலையாக மேடு தட்டி நின்றது. அப்பா மொட்டை மாடிக்குக் கொண்டுபோய் வெயிலில் கவிழ்த்துப் போட்டு, ஒரு முனையில் அம்மிக் குழவியையும் மறு முனையில் பெயிண்ட் டப்பாவில் மணலையும் வைத்தார். இரண்டு வெயிலில் அது அடங்கியது. பிறகு கூடத்தில் விரித்து, குனிந்து, உள்ளங்கையால் ஒரு பக்கமாகத் தடவினார், எதிர்ப்பக்கமாகத் தடவினார். பூனையைத் தடவுவதுபோல. “இதுக்கும் படுக்கை இருக்கு” என்றார். சமையலறையிலிருந்து வாசல் பக்கம் அடித்தால் மேட்டின் நார் பந்தோடு சேர்ந்து படுத்தது, பந்து வழுக்கிக்கொண்டு போனது. திருப்பிப் போட்டு அடித்தால் அரையடி முன்னதாகவே நின்றது.

மேட்டில் வந்த அச்சு வட்டத்தை அப்பா ஏற்கவில்லை. நான் எவர்சில்வர் டம்ளரைப் படுக்கவைத்தேன். பந்து உள்ளே போனால் கணீரென்று கேட்கும், அந்தச் சத்தத்துக்கே இன்னும் நூறு அடிக்கலாம் போலிருக்கும். இரண்டு நாள் விட்டுப் பார்த்தார். பிறகு எடுத்துவிட்டார். டம்ளருக்குப் பின்சுவர் இருக்கிறது, எவ்வளவு முரட்டுத்தனமாக அடித்தாலும் பிடித்துக்கொள்ளும், நிஜக் குழியில் அந்தப் பந்து விளிம்பில் குதித்து ஓடிவிடும் என்றார். குழியின் அகலம் நாலேகால் அங்குலம். உலகம் முழுக்க ஒரே அளவு, 108 மில்லிமீட்டர். பந்து 42.67 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. நூற்றியெட்டு என்றதும் அம்மா அடுப்படியிலிருந்து வந்துவிட்டாள். சர்க்கரை டப்பா மூடியை நான் ஸ்கேல் வைத்து அளந்தேன். ஏறக்குறைய அதே அளவு. அதைக் கவிழ்த்து வைத்து, சுற்றிலும் கோலமாவை இழைத்து, மேட்டின் எட்டாவது அடியில் அம்மா ஒரு வட்டம் போட்டாள். பின்னால் இரண்டு அடி காலியாக விடச்சொன்னார் அப்பா.

“வட்டத்து மேல போவணும். போய், ஒரு முழத்துக்குள்ள நிக்கணும். அதுதான் குழியில விழுந்த பந்து.”

இந்த ஒரு முழத்தை நான் வெகுகாலம் அப்பாவின் கைக்கணக்கு என்றே நினைத்திருந்தேன். பிறகு டேவ் பெல்ஸ் என்பவரைப் பற்றிப் படித்தேன். நாசாவில் வேலைபார்த்த இயற்பியல்காரர், அதை விட்டுவிட்டு ஆயிரக்கணக்கான பந்துகளை உருட்டிச் சோதித்தவர். குழி இல்லாவிட்டால் 17 அங்குலம் தாண்டி நிற்கும் வேகத்தில் வரும் பந்துதான் குழிக்குள் விழ அதிக வாய்ப்புள்ளது என்று கண்டு சொன்னார். ஒரு முழம் 18 அங்குலம். படித்த அன்றைக்கு அப்பாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். “எங்களுக்கு முன்ன இருந்த பெரியவங்க சொன்னது” என்றார். அதற்கு மேல் அவருக்கு அதில் வியப்பு ஒன்றும் இல்லை.

இனி நான் சொல்லவந்த விஷயம். எட்டடியிலிருந்து நான் அடித்த பந்துகள் கோலமாவு வட்டத்துக்கு வலது பக்கமாகவே போயின. பத்தில் எட்டு. இவ்வளவு என்று இல்லை, ஆனால் வலம்தான். பட்டரின் முகம் திறந்துகொள்கிறது என்று நினைத்தேன். இரண்டு தீப்பெட்டிகளைப் பட்டர் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டு வைத்து, அதன் நடுவே அடித்துப் பழகினேன். தீப்பெட்டி அசையவில்லை, பந்து வலப்பக்கம் போனது. நிற்பதை மாற்றினேன். கண் பந்துக்கு நேர்மேலே இருக்க வேண்டும் என்பதால் மூக்கு நுனியிலிருந்து நூலில் சாவியைக் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்தேன். அடித்தபின்னும் தலையைத் தூக்காமல் இருந்தேன். காலையில் மடிக்கணினியைத் திறப்பதற்கு முன் ஐம்பது, ராத்திரி சாப்பாட்டுக்குப் பின் ஐம்பது. பதினைந்து நாள். அப்பா நாற்காலியில் உட்கார்ந்து தினத்தந்தி வாசித்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கணக்குப் பார்க்கும் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. வித்தியாசம் வந்தால், ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்து எது மாறினால் வித்தியாசம் மாறுகிறது என்று தேடுவோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைச் செய்தேன். மேட்டைத் தலைமாற்றிப் போட்டேன். பந்தின் வேகம் குறைந்தது. ஆனால் போனது வலப்பக்கம்தான், இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே. அப்படியானால் மேட்டில் கோளாறு இல்லை. பிறகு மேட்டை அப்படியே விட்டு, வாசல் முனையில் நின்று சமையலறையைப் பார்த்து அடித்தேன். பந்து இடப்பக்கம் போனது. மறுபடியும் அடித்தேன். இடம். கை தப்பாக இருந்தால் எங்கே நின்றாலும் வலப்பக்கம்தானே போக வேண்டும்? தெற்கே நின்றால் வலம், வடக்கே நின்றால் இடம். இரண்டும் ஒரே பக்கம். கிழக்கு.

பட்டரைக் கீழே வைத்துவிட்டு வடகிழக்கு மூலையைப் பார்த்தேன். சுவரடியில் அந்தப் பழைய ஓட்டை, பல்லி வராமலிருக்க அம்மா துணி அடைத்து வைத்திருந்தாள்.

“மாமா வாட்டம்” என்றேன்.

அப்பா பேப்பரை மடித்தார். “ரெண்டு விரக்கடை இடப்பக்கம் வச்சு அடி.”

சமையலறை முனைக்கு வந்தேன். வட்டத்துக்கு நடுவைப் பார்க்காமல், அதற்கு இரண்டு விரல் இடதுபுறம் ஒரு புள்ளியைப் பிடித்துக்கொண்டு, அதையே நேர் என்று வைத்து அடித்தேன். இந்த ஒரு பந்தை மட்டும் விவரமாகச் சொல்ல வேண்டும். பட்டரின் முகம் மூன்று நான்கு டிகிரி மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும். அதனால் தொட்டவுடன் பந்து கொஞ்ச தூரம் உருளாமல் வழுக்கும், அதில் எழுதியிருக்கும் எழுத்து அப்படியே நிற்கும். பிறகுதான் எழுத்து சுழல ஆரம்பிக்கும். ஐந்தாவது அடிவரை அது நான் அனுப்பிய வழியிலேயே போனது, வட்டத்துக்கு வெளியே போய்விடும் போலிருந்தது. வேகம் தணியத் தணிய, ஏதோ நினைவு வந்த மாதிரி மெல்லக் கிழக்கே திரும்பியது. கோலமாவு வட்டத்தின் நடுவில் ஏறி, மாவில் ஒரு கோடு இழுத்து, ஒரு முழம் தள்ளி வெள்ளைப் புள்ளியோடு நின்றது.

மாமா 2018-ல் இறந்துவிட்டார். அவர் போட்ட தரையின்மேல் பச்சை மேட்டை விரித்து, அதன்மேல் நாங்கள் இத்தனை நாள் ஆடியிருக்கிறோம். ஒரு அங்குல கனத்தில் மேட் இருந்தாலும் கீழே இருக்கிற தரை சொல்வதைத்தான் பந்து கேட்கிறது. அம்மா எதுவும் பேசாமல் மூலைக்குப் போய் அந்தத் துணி அடைப்பை எடுத்துத் தூசு தட்டி மறுபடி அடைத்தாள்.

“முன்னமே தெரியுமா உங்களுக்கு?” என்று கேட்டேன்.

“மொத நாளே தெரியும். சொல்லியிருந்தா என் கண்ணால பாத்திருப்ப.”

முப்பத்தெட்டு வருஷம் அடுத்தவர்களுக்குச் சரிவைச் சொல்லிக்கொடுத்தவர். கேட்டதும் சொல்வதற்குத்தான் அவருக்குக் கூலி. எனக்கு மட்டும் பதினைந்து நாள் வாயை மூடிக்கொண்டிருந்தார். அவர் எனக்குத் தந்த எதையும்விட அதைப் பெரிதாக நினைக்கிறேன்.

அதன்பின் அப்பாவும் ஆட ஆரம்பித்தார். முழங்கால் வலிக்காமல் ஆட முடிந்த ஒரே ஆட்டம் அவருக்கு அதுதான். எட்டடியிலிருந்து உலகின் தலைசிறந்த தொழில்முறை ஆட்டக்காரர்களே இரண்டுக்கு ஒன்றுதான் போடுகிறார்கள். அப்பா எங்கள் கூடத்தில் பத்துக்கு ஏழு, சில நாள் எட்டு போட்டார். இது தெரிந்த தரை என்பதால்தான் என்று அவரே சொன்னார். அறுபது வயதில், இரவல் வாங்காத குச்சியோடு, யாரும் பின்னால் காத்திருக்காமல், அவர் நிதானமாக நின்று அடிப்பதைப் பார்க்க எனக்கு அலுக்கவே இல்லை. ஒவ்வொரு அடிக்கும் முன்னால் பந்துக்குப் பின்னால் முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்து படிப்பார். ஆயிரம் முறை பார்த்த தரைதான். அப்படியும் குனிவார்.

2021 ஆகஸ்ட் 7, சனிக்கிழமை. விடியும் முன்னே எழுந்து டிவி முன்னால் உட்கார்ந்தோம். டோக்கியோ ஒலிம்பிக்கில் பெண்கள் கோல்ஃப் கடைசி நாள். பெங்களூரைச் சேர்ந்த அதிதி அசோக் மூன்றாம் நாள் முடிவில் தனியாக இரண்டாம் இடத்தில் இருந்தார். உலகத் தரவரிசையில் 200-வது இடத்திலிருந்து வந்த பெண். சில மாதம் முன்னால்தான் கொரோனா வந்து போயிருந்தது. நீள அடிகளில் மற்றவர்களைவிட ரொம்பப் பின்தங்கியிருந்தார். அவரைத் தூக்கி நிறுத்தியது பட்டர்தான். ஒவ்வொரு கிரீனிலும் அப்பா டிவியில் தெரியும் சரிவைப் படித்து முன்கூட்டியே சொல்வார். “வலது மேல. ஒரு சாண்.” பந்து அப்படியே போகும்.

நடுவில் கேமரா அதிதியின் பையைத் தூக்கிவரும் பெண்மணியைக் காட்டியது. அவருடைய அம்மா. ஐந்து வருஷம் முன்னால் ரியோவில் அதே பையை அவருடைய அப்பா தூக்கியிருந்தார். நான் என் அப்பாவைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை. ஐந்தாம் வகுப்புப் படிவம் ஞாபகம் வந்தது.

இடிமின்னலுக்காக ஆட்டத்தை நிறுத்தினார்கள், மறுபடி தொடங்கினார்கள். கடைசிக் குழியில் அதிதி உருட்டிய பந்து விழவில்லை. 15 அண்டர் பார் (வைத்த கணக்கைவிட 15 அடிகள் குறைவு), நான்காம் இடம், ஒரே ஒரு அடியில் பதக்கப் போட்டி கைநழுவியது. சாயங்காலம் நீரஜ் சோப்ரா ஈட்டியில் தங்கம் வாங்க, தெருவே வெடி வெடித்தது. அப்பா மட்டும் விளக்கு வைக்கும் நேரத்தில் மேட்டை விரித்துக்கொண்டு இருந்தார். நீண்ட நேரம் அடிக்கவில்லை, பந்தையும் வட்டத்தையும் பார்த்தபடி நின்றார். “அந்தக் கடைசிப் பந்துல தப்பே இல்லம்மா. நல்லாத்தான் படிச்சிருந்தது அந்தப் பொண்ணு” என்றார், யாரோ தப்பு என்று சொல்லிவிட்ட மாதிரி.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர். வீட்டுக்குள் ஏறவில்லை, ஆனால் அடியிலிருந்து ஈரம் ஊறி, ரெட் ஆக்ஸைடு பொருக்குத் தட்டிப் பெயர்ந்தது. அம்மா இரண்டு தரம் கால் இடறினாள். டைல்ஸ் போட்டுவிடலாம் என்று முதலில் சொன்னது அப்பாதான். நான்தான் ஆறு மாதம் தள்ளிப்போட்டேன்.

அந்த ஆறு மாதம் ஒன்பது மாதமானது. 2024 செப்டம்பரில் கிண்டி ரேஸ்கோர்ஸ் நிலத்தை அரசு திரும்ப எடுத்துக்கொண்ட செய்தி வந்தது. வேளச்சேரிப் பக்கம் வெள்ளம் குறைய அங்கே குளம் வெட்டப்போகிறார்கள் என்றும் பிறகு செய்தி வந்தது. அப்பா வருத்தப்படுவார் என்று நினைத்துப் பேப்பரைக் கொஞ்சநேரம் ஒளித்துவைத்தேன். அவர் படித்துவிட்டு, “தண்ணி அங்க நிக்கும். நல்லா நிக்கும். மழை பேஞ்சா எந்தப் பள்ளம் மொதல்ல ரொம்பும்னு என்னைக் கேட்டா நடந்து காட்டுவேன்” என்றார். பிறகு விரலால் பேப்பரில் ஒவ்வொரு கிரீனும் இருந்த இடத்தை எனக்குக் காட்டினார். அங்கே படம்கூட இல்லை, வெறும் எழுத்துதான். எழுத்தின்மேலேயே விரல் போனது.

அந்த மாதக் கடைசியில் டைல்ஸ் வேலை. பழைய தரையைக் கொத்தி எடுக்கும்போது அம்மா பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டாள். வந்த இளைஞர் லேசர் லெவல் வைத்திருந்தார். சுவரைச் சுற்றிச் சிவப்புக் கோடு ஓடியது. “எல்லாம் ஒரே மட்டம் சார், நூல் பிடிச்ச மாதிரி இருக்கும். இப்ப யாரு சார் கூடத்தைக் கழுவுறாங்க, மாப்தானே” என்றார். மாமாவின் வாட்டத்தைப் பற்றி நான் வாயெடுத்தேன். அப்பா கையைக் காட்டி நிறுத்திவிட்டார். சிவப்புச் சில்லு ஒன்றை மட்டும் எடுத்துக் கழுவி, பந்து டப்பாவுக்குள் போட்டுக்கொண்டார்.

நான்கு நாள் கழித்து, ஜாயிண்ட் எல்லாம் காய்ந்தபின், அப்பா சமையலறையிலிருந்து ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்தார். கூடத்தின் நடுவில் உட்கார்ந்து, மெதுவாகச் சாய்த்து ஊற்றினார். நாங்கள் மூன்று பேரும் அதைச் சுற்றி நின்றோம். தண்ணீர் தட்டுப்போல வட்டமாக விரிந்து, நடுங்கி, அப்படியே நின்றது. அசையவில்லை. டைல்ஸ்காரர் சொன்னது சரிதான் என்று நான் நினைத்த நேரத்தில், வட்டத்தின் ஒரு ஓரம் மட்டும் நாக்கு நீட்டியது. ஒரு ஜாயிண்டைத் தாண்டியது. இன்னொன்று. மேற்கே, ஃபிரிட்ஜ் இருக்கும் சுவரைப் பார்த்து.

“ஈசானியத்துக்குப் போகலியே” என்றாள் அம்மா.

அப்பா துணியால் தண்ணீரைத் துடைத்தார். மேட்டை விரித்தார். அம்மா கோலமாவு டப்பாவோடு வந்து எட்டாவது அடியில் வட்டம் போட்டாள். அப்பா பட்டரை என்னிடம் நீட்டினார்.

பழக்கத்தில் இரண்டு விரல் இடப்பக்கம் வைத்து அடித்தேன். பந்து இடப்பக்கமே போய், வட்டத்தை விட்டு ஒரு கை அகலம் விலகி நின்றது. இரண்டாவதும் அப்படியே. நான் அடுத்த பந்தை எடுத்து வைப்பதற்குள் அப்பா எனக்குப் பின்னால் வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, வலிக்கிற முழங்காலை மெல்ல மடக்கிக் குனிந்தார்.